தெருவிலாடும் அநங்கன்: ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்து பற்றிய ஒரு மதிப்பீடு

பண்டைத் தமிழர் ஆடற்கலையை வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இருவகையாகப் பகுத்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் காணப்படும் இப்பாகுபாட்டிற்கு, வேந்தர்க்கு ஆடுவது வேத்தியல், பிறர்க்கு ஆடுவது பொதுவியல் என்று பொருள் கொள்வர். இவ்விரண்டனுள் வேத்தியலின் வழிவந்த ஆடலுக்கு இக்காலத்தில் அரங்குகளும் ஆசிரியரும் பட்டங்களும் திறனாய்வாளரும் வாய்த்துள்ளனர். பொதுவியலோ விழாக்காலத்திற் தெருவிலே நிகழ்ந்து, விடிந்ததும் மறக்கப்படுவதாய் நிற்கின்றது. அதனைப் பற்றி எழுதுவோரும் வழக்காறு என்றும் சடங்கு என்றும் பதிவு செய்தமைகின்றனர். கலை என்று கொண்டு அதன் நிறைகுறைகளை ஆராய்வார் மிகச் சிலரே.

பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பகுதிகளை உள்ளடக்கிய ஊவா மலைநாட்டுத் தோட்டங்களிலே மாசி மாதந்தோறும் ஆடப்பட்டு வந்துள்ள காமன் கூத்தினை அவ்வாறு ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கூத்தினைக் கண்ட கற்றோர் பலர், கதை நன்று, பாட்டும் நன்று, ஆனால் ஆட்டம் நீளமானது, முரடானது, உடலை வருத்துவது என்று கூறக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் குறையென்று கூறும் அவ்வுடல்வருத்தமே இக்கூத்தின் பொருளைத் தாங்கி நிற்கும் தூண் என்பது எமது கருத்து. அதனை நிறுவ முயல்வாம்.

முதலிற் கதையை நோக்குவோம். தவத்தில் அமர்ந்த சிவபெருமான் மீது மலர்க்கணை தொடுக்கத் தேவர்களால் ஏவப்பட்ட மன்மதன், நெற்றிக்கண்ணின் தீயால் எரிந்து நீறாகின்றான். அவன் மனைவி இரதி அழுதரற்றுகின்றாள். அவள் வேண்டுதலால் அவன் மீண்டும் உயிர் பெறுகின்றான். காளிதாசர் குமாரசம்பவத்தின் மூன்றாம் சருக்கத்தில் எரிப்பையும் நான்காம் சருக்கத்தில் இரதி புலம்பலையும் பாடினார். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே காமதகனப் படலம் என ஒன்று வகுத்தார். அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை காமனை எரித்த தலம் எனப் போற்றப்படுகின்றது. கலித்தொகையிலே காமவேள் விழா பேசப்படுகின்றது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற்றிருமொழியிலே தைத்திங்களிலும் மாசித்திங்களிலும் அநங்கனை நோன்பிருந்து வேண்டுகின்றார். எனவே மாசியிற் காமனைக் கொண்டாடும் இத்தோட்ட மக்கள் தமிழின் நெடிய மரபொன்றின் உரிமையாளராகவே நிற்கின்றனர். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த அவர்தம் முன்னோர், கையிற் கொண்டுவந்த சிறுபொருளோடு நெஞ்சிற் கொண்டுவந்த பெரும்பொருள்களுள் ஒன்று இக்கூத்து.

கூத்து நிகழும் முறை தோட்டத்துக்குத் தோட்டம் சிறிது வேறுபடும். பொதுவாக, மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையன்று காமன் பொட்டல் எனப்படும் இடத்திலே கம்பம் ஊன்றப்படும். இரதியாகவும் மன்மதனாகவும் வேடம் ஏற்போர் காப்புக் கட்டி விரதம் பூணுவர். இரதி வேடமும் ஆடவர்க்கே உரியதாக இருந்து வந்துள்ளது. அதன் பின் வரும் இரவுகளில் தப்பொலி முழங்க ஆட்டம் நிகழும். வேடதாரிகள் லயம் லயமாகச் சென்று வீட்டு வாசல்களில் ஆடுவர். பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவிலே முழுக் கதையும் விடியுமட்டும் ஆடப்படும். இரதி மன்மதன் திருமணம், தேவேந்திரன் ஓலை விடுத்தல், தூதன் வருகை, போகவேண்டாமென்று இரதி தடுத்துரைக்கும் தர்க்கம், வீரபத்திரன், காளி, எமன் முதலியோரின் ஆட்டம் என வளர்ந்து தகனத்திலே உச்சம் பெறும். மூன்றாம் நாள் உயிர்த்தெழுப்பும் சடங்கோடு யாவும் நிறைவெய்தும்.

இனி, இக்கூத்து நிகழும் களத்தை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து மணற்றெருவையோ தஞ்சை வயற்கரையையோ மனத்திற் கொண்டு ஊவாத் தோட்டத்தை எண்ணிப் பார்த்தல் இயலாது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனை நோக்கி நிற்கும் நமுனுகுலை மலையின் சிகரமோ 2,036 மீற்றர் உயரமுடையது. இவ்விரு உயரங்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலே தோட்டங்கள் தொங்குகின்றன. ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்குச் செல்லும் பாதை, கல் பாவிய வளைவுகளும் படிக்கட்டுகளும் கான்களும் உடையது. மாசி இரவிலே அங்கு பனி இறங்கும். இப்பாதையிலே கிரீடமும் புஜகீர்த்தியும் சலங்கையும் தாங்கிய ஒருவர், தப்பின் அடிக்கு ஏற்பக் காலெடுத்து வைத்து, ஏறியும் இறங்கியும், நின்ற வாசல்தோறும் சுழன்றும் ஆடுகின்றார். அரங்கிலே ஆடுவோர்க்கு அடித்தளம் சமமானது. இவர்க்கோ ஒவ்வோர் அடியும் புதிய தளம். சரிவிலே இறங்கும்போது முழங்காலின் தாங்குசக்தியும், ஏறும்போது மூச்சின் அளவும் ஆட்டத்தின் நடையையே மாற்றுகின்றன. தப்படிப்போர் இதனை நன்கறிவர். ஏற்றத்திலே அடியைத் தளர்த்தியும், வாசல் சமீபித்ததும் விரைவுபடுத்தியும் ஆடுவோரின் மூச்சைக் காக்கின்றனர். தோல் பனியிற் தளர்ந்தபோது சருகு கூட்டித் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவர். அச்சிறு இடைவேளையே ஆடுவோர்க்கும் ஓய்வு. இங்கு தாளம் நிலத்திலிருந்தும் உடலிலிருந்தும் பிறக்கின்றது. இஃதொரு நுண்ணிய கலையறிவு என்பதில் ஐயமுண்டோ?

இவ்வுடல்வருத்தம் கதைக்குப் புறம்பானது என்று கருதுவோர்க்கு ஒன்று கூறுவோம். காமனுக்கு அநங்கன் என்பதும் ஒரு பெயர். அங்கம் இல்லாதவன் என்பது அதன் பொருள். இக்கதை முழுவதும் ஓர் உடல் இழக்கப்படுவதைப் பற்றியதே. கந்தபுராணத்தின்படி மீண்டும் உயிர் பெற்ற மன்மதன் இரதிக்கு மட்டுமே உருவுடையவனாய்த் தோன்றுவான், பிறர்க்கு அருவமே. தமிழகத்திலே காமன் பண்டிகையின்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பக்கமாய் நின்று லாவணி பாடும் வழக்கமும் இவ்வுடல் பற்றிய வாதமேயாம். அத்தகைய கதையை நிகழ்த்துபவர் களைப்பறியாத உடலோடு ஆடின், இழப்பு என்பது வெறுஞ் சொல்லாகிவிடும். பல இரவுகள் ஆடி, உணவு குறைத்து, உறக்கம் ஒழித்து, குரல் கம்மி, இறுதி இரவின் பின்யாமத்திலே தகனத்தை அடையும் மன்மதனைக் காணும்போதோ, உடலொன்று சிறிது சிறிதாகச் செலவழிந்து தீர்வதை அவையோர் தம் கண்ணாற் காண்கின்றனர். அவர் வீழும்போது அந்த வீழ்ச்சியில் நடிப்பு எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. கவிஞர் உவமையாற் சாதிப்பதை இவர் உடலாற் சாதிக்கின்றார். ஆதலின், வருத்தத்தைக் குறைத்தால் நாகரிகம் கூடும் என்பார், காவியத்திலிருந்து உவமைகளை நீக்கினால் தெளிவு கூடும் என்பாரை ஒப்பர்.

பிறிதொரு பொருத்தமும் உண்டு. கச்சியப்பர் காட்டும் மன்மதன் தானாக விரும்பிச் செல்பவன் அல்லன். நான்முகன் ஏவுகின்றான், மன்மதன் அஞ்சி மறுக்கின்றான், மறுத்தாற் சாபம் என்று அச்சுறுத்தப்பட்டே புறப்படுகின்றான். கூத்திலும் ஓலை வருகின்றது, இரதி தடுக்கின்றாள், அவன் போகாதிருக்க இயலவில்லை. மேலிருந்து வந்த கட்டளைக்காகத் தன் உடலைக் கொடுத்தவன் கதை இது. தோட்ட வாழ்விலே இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. தோட்டங்களிலே முன்னாளில் வைகறையிற் பிரட்டுக்கு அழைப்பதற்கும் தப்பே முழங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை 1954 இல் வெளியிட்ட ஆங்கில நெடும்பாட்டும் அவ்விடியற்கால முழவொலியோடேயே தோட்ட வாழ்வைக் காட்டத் தொடங்குகின்றது. பகலுழைப்பு 'பேர்' என்னும் கணக்கால் அளக்கப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று எழுதப்படுவது 'அரைப்பேர்'. முழு மனிதர் ஒருவர் பாதிப் பெயராகக் குறிக்கப்படும் கொடுமையை இச்சொல்லே உரைக்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் எழுந்த ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கடல் கடக்க நேர்ந்தது. எஞ்சியோர்க்கு வழி செய்த சட்டம் 2003 இலேதான் வந்தது. உழைக்கும் உடல் வேண்டப்பட்டது. அவ்வுடலுக்குரிய மனிதர் வேண்டப்படவில்லை. அத்தகைய நிலையிலே, காலையில் உழைப்புக்கு அழைத்த அதே தப்பு இரவிலே ஆட்டத்துக்கு அழைத்ததென்பதும், காலையில் அளந்து வாங்கப்பட்ட அதே உடல் இரவிலே அளவின்றித் தன் விருப்பினாற் செலவிடப்பட்டதென்பதும் கலைநோக்கில் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. காமன் பொட்டலிலே அரைப்பேர் இல்லை.

இரதியின் புலம்பலும் இவ்வாறே நோக்கத்தக்கது. காளிதாசரின் இரதி தனித்து அழுகின்றாள். தோட்டத்து இரதி லயத்துப் பெண்களின் நடுவே அழுகின்றாள். அவள் பாட்டு ஒப்பாரியின் மெட்டைச் சார்ந்து வருகின்றது. கேட்கும் பெண்கள் தத்தம் இழப்புகளை நினைந்து உடன் அழுதலும் உண்டு. ஆடவர் ஒருவர் பெண்வேடம் பூண்டு அழுகின்றார் என்பது அப்பொழுது எவர்க்கும் நினைவில் இருப்பதில்லை. மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் வகுத்தது ஆடுவோரிடத்திற் தோன்றிக் காண்போரிடத்துப் பரவுவதாயின், அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது.

இத்துணையும் கூறியதனால் இக்கூத்திற் குறைகளே இல்லை என்பது கருத்தன்று. அன்பினாற் குறை மறைத்தல் திறனாய்வாளர்க்கு அழகாகாது. முதலாவது, ஒலிபெருக்கியின் வரவு. குரல் எட்டும் தொலைவிலே நின்ற அவையை அது சிதறடித்தது. பாட்டு உரத்து ஒலிக்கத் தப்பின் நுண்ணடிகள் மறைகின்றன. இரண்டாவது, திரைப்பட மெட்டுகளின் புகுதல். பழைய மெட்டுகள் நடைக்கும் சுழற்சிக்கும் இயைய அமைந்தவை. புதியவை நின்று பாடுதற்கே ஏற்றவை. ஆகவே மெட்டு மாறுமிடத்து ஆட்டமும் நின்றுவிடுகின்றது. மூன்றாவது, கோமாளி கூற்றுகள் சில இடங்களில் நகைச்சுவையின் எல்லை கடந்து, பெண்களும் சிறுவரும் கூடிய அவைக்கு ஒவ்வாதனவாகி விடுகின்றன. நான்காவது, விரதத்தோடு தொடங்கும் ஆட்டத்தை மதுவால் முடிக்கும் பழக்கம். களைப்பை மறக்க மது உதவும் என்பர். ஆனால் மறக்கப்பட்ட களைப்பு கலையாகாது. உணரப்பட்ட களைப்பே கலையாகும். ஐந்தாவது, பெண்கள் அழுதற்கும் காணுதற்கும் உரியராகி ஆடுதற்கு உரியராகாமை. மலையேறிக் கொழுந்தெடுக்கும் உடல்வன்மை பெண்களிடத்தே நிறைந்திருக்க, இதற்கு உடல் காரணமாகாது. மரபு என்பாரேல், மரபு வளரும் தன்மையது என்பதே விடை.

இனி அரங்கத்துக்கு வருவோம். ஈழத்துக் கூத்து மரபை அரங்கிற்கு ஏற்றிய பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனைச் சாரும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962 இற் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1967 இல் வாலிவதை என அவர் தயாரித்தளித்தவை, விடியுமட்டும் ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குள் அடக்கிக் கற்றோர் அவைக்கு அறிமுகம் செய்தன. மட்டக்களப்புக் கூத்தின் ஆட்டவன்மை அதனால் நாடெங்கும் மதிப்புப் பெற்றது. அம்முயற்சி வட்டக்களரியிலே ஆடப்பட்ட கூத்துக்குப் பொருந்தியது. களரியிலிருந்து மேடைக்குச் செல்லும் தொலைவு ஓரளவே. காமன் கூத்தோ ஓரிடத்து நில்லாதது. அதன் அரங்கு ஒரு பாதை. ஆகையால் அதே முறையை இதற்குக் கையாளும்போது விளைவு வேறாகின்றது. பாடசாலை விழாக்களிலும் போட்டிகளிலும் இன்று காமன் கூத்து சில நிமிட நிகழ்ச்சியாகச் சுருங்குகின்றது. ஆடைகள் அழகியவை, மாணவர் வரிசை பிசகாது ஆடுகின்றனர், தகனத்துக்குச் செந்நிற விளக்கு எரிகின்றது. ஆயினும் எரியும் மன்மதன் அப்பொழுதுதான் மேடைக்கு வந்தவன். அவனுக்கு வியர்வையும் அரும்பவில்லை. காண்போர் கைதட்டுகின்றனர், அழுவார் எவருமிலர். அத்தகைய நிகழ்ச்சிகள் வேண்டா என்று கூறோம்; சிறார்க்கு மரபின் முகவரியையேனும் அவை அறிவிக்கின்றன. அவற்றையே காமன் கூத்தென்று கொண்டு பொட்டலைக் கைவிடுதலே தகாது.

நகரத்து நாடகாசிரியர் சிலர் இதற்கு எதிர்த்திசையிற் சென்றமையும் ஈண்டு நினைத்தற்குரியது. வங்கத்துப் பாதல் சர்க்கார் படச்சட்ட மேடையைத் துறந்து, நடிகர் உடலையே முதலாகக் கொண்டு, காண்போரோடு ஒரே தளத்தில் நின்று நிகழ்த்தும் மூன்றாம் அரங்கினை உருவாக்கினார். அவ்வழியாற் கவரப்பட்ட அந்தனி ஜீவா நமது மலையகத்துக்கு வீதி நாடகத்தைக் கொண்டுவந்தார். கற்றோர் உலகம் பெருமுயற்சியால் மீளக் கண்ட இவ்வுண்மை, நமது லயங்களின் வாசலிலே தலைமுறை தலைமுறையாக ஆடிக்கொண்டிருந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. 2023 ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழர் வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியைச் சொல்லாற் கூறுவதினும் காலாற் கூறுவதே தகும் என்று அவர்கள் துணிந்தனர். பாதையிலே உடல் வருந்தி உண்மையுரைக்கும் அவ்வழக்கம் காமன் கூத்தாடிய மக்களுக்குப் புதிதன்று.

இங்கு ஒரு வினா எழும். "பகலெல்லாம் உழைத்தவர் இரவெல்லாம் ஆடவேண்டும் என்று, வெள்ளை வேட்டி மடிப்புக் குலையாது இருந்து காணும் ஆசிரியர் கேட்கலாமோ?" என்று ஒருவர் வினவின், அவ்வினா நியாயமானதே. இளைஞர் பலர் கொழும்புக்கு வேலை தேடிச் செல்கின்றனர். மாசியிலே விடுமுறை பெற்று வருதல் எளிதன்று. மாணவர்க்குப் பரீட்சைச் சுமை மிகுதி. கூத்து வாத்தியார்கள் முதுமையெய்துகின்றனர். பல மணிநேரப் பாட்டு அவர்தம் நெஞ்சிலன்றி ஏட்டிலே இல்லாத இடங்களும் உள. ஆடுக என்று கட்டளையிடும் உரிமை நமக்கில்லை. அக்கட்டளை தேவேந்திரன் விடுத்த ஓலையையே ஒக்கும். ஆடுவோர் ஆட விரும்பும்போது இடையூறு செய்யாதிருத்தலும், அவர் ஆடுவதன் பெறுமதியை உணர்ந்துரைத்தலுமே நமது கடமை.

அக்கடமையைச் செயலாக்கச் சில வழிகள் உண்டு. தோட்டப்புறப் பாடசாலைகள், காமன் இறுதி இரவுக்கு மறுநாளிலே தவணைச் சோதனை வையாதிருக்கலாம். மாசியிலே வகுப்பிற் கண்ணயரும் மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிவதன்முன், முதல்நாள் இரவு அவன் எங்கு நின்றான், தப்பு யார் அடித்தார், எந்த லயத்தில் எந்தப் பாட்டு நீண்டது என்று வினவலாம். அவன் கூறும் விடை ஒரு கட்டுரைப் பாடத்துக்குப் போதும். வாத்தியார்களின் பாட்டுகளை அவர்தம் இசைவோடு ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்து வைத்தல் உயர்வகுப்பு மாணவர்க்குத் தக்க பணி. அப்பணியிலே பாட்டை மட்டும் பதிந்து அமையாது, எந்தப் பாதையில், எந்த ஏற்றத்தில், எவ்வளவு நேரம் ஆடினர் என்பதையும் குறித்தல் வேண்டும். பாதை தவிர்ந்த பாட்டு, வேர் தவிர்ந்த செடி போன்றதே.

யாழ்ப்பாணத்தார் கந்தபுராணத்தைக் கோயில் மண்டபத்திலே படித்துப் பயன்சொல்லக் கேட்டுக் கற்றனர். அது செவிவழிக் கல்வி. ஊவாத் தோட்டத்தார் அதன் ஒரு படலத்தை மாசிப் பனியிலே, மலைப்பாதையிலே, ஆடிக் கற்றனர். அது கால்வழிக் கல்வி. இரண்டும் சைவத் தமிழ் மரபின் இரு கண்கள். ஒன்றினைப் புராணபடனம் என்று போற்றி, மற்றொன்றினைத் தோட்டத்து ஆட்டம் என்று புறக்கணித்தல் நெறியாகாது. வேத்தியலுக்கு எழுதிய பேனாக்கள் பொதுவியலுக்கும் சிறிது மையைச் செலவிடுமாக. பாதையிலே ஆடி வரும் மன்மதன் வாசலிற் நிற்கும்போது, கதவைத் திறந்து, அவர் மூச்சு ஆறும்வரை உடனிருந்து காணும் பொறுமையே இக்கலைக்கு நாம் அளிக்கத்தக்க முதற் காணிக்கை.